இளையதம்பியின் பிள்ளைகளுக்குப் போகாத செய்தி

கொட்டாஞ்சேனையில் பேசியிருந்த கல்யாண மண்டபத்தில் மேல்மாடித் தண்ணீர்க் குழாய் வெடித்தது. கல்யாணத்துக்கு முதல் நாள் காலை. மண்டபக்காரர் ரெலிபோனில் தமிழில் மன்னிப்புக் கேட்டார், சிங்களத்தில் மன்னிப்புக் கேட்டார், பிறகு சிங்களத்திலேயே "வத்துர, வத்துர", தண்ணீர், தண்ணீர் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். மணவறை நனைந்துவிட்டது. கம்பளம் மிதந்தது.

மணமகளின் அம்மாவின் தம்பி உடனே வெள்ளவத்தையில் வேறு மண்டபம் பிடித்தார். கடற்கரைப் பக்கம். அங்கே நடக்கவிருந்த ஒரு கல்யாணம் தள்ளிப்போயிருந்தது. சமையற்காரர் சம்மதித்தார். ஐயர் தனக்கு இதுதான் கிட்ட என்றார். மாப்பிள்ளை ஜீவராஜ், தன் பக்கத்து ஆட்களுக்குத் தானே சொல்லிவிடுவதாகச் சொன்னான்.

"எங்கட ஆக்களுக்கு அறிவிக்கிறதுதானே?" என்றாள் மணமகள் ரதி. "அரை மணித்தியால வேலை."

அவள் ஒரு மென்பொருள் கம்பனியில் தரவுத்தளங்களைப் பார்ப்பவள். அரை மணித்தியாலம் என்பது அவள் எல்லாவற்றுக்கும் சொல்கிற நேரம்.

அவளுடைய அப்பா முத்துலிங்கம் தன் அண்ணர் இராசநாயகத்தை நினைத்துக்கொண்டிருந்தார்.

இராசநாயகம் கொட்டாஞ்சேனையில் இருந்தார். துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ரதி பெரியவளானபோது நடந்த சாமத்தியச் சடங்கை அவருக்கு முத்துலிங்கம் ரெலிபோனில் சொல்லியிருந்தார். அவசரம். நல்ல நாள் கிட்ட இருந்தது. "போனில சொன்ன வீட்டுக்கு நான் வரமாட்டன்" என்றார் இராசநாயகம். வரவில்லை. பிறகும் வரவில்லை. தம்பி பெண்சாதி வீட்டு ஆளாகிவிட்டான் என்று ஊரெல்லாம் சொன்னார்.

ரதியின் கல்யாணத்துக்கு முத்துலிங்கமும் மனைவியும் வெற்றிலைத் தட்டத்தோடு நேரில் போனார்கள். முதல் தடவை கதவு திறக்கவில்லை. இரண்டாம் தடவை திறந்தது. வருகிறேன், ஆனால் கல்யாணம் கொட்டாஞ்சேனையில் நடக்க வேண்டும் என்றார் இராசநாயகம். மூத்தவன் இருக்கிற இடத்தில். முத்துலிங்கம் அடுத்த நாளே மண்டபத்தைப் பேசிவிட்டு வந்தார்.

இப்போது கல்யாணம் வெள்ளவத்தையில். மண்டபம் பிடித்தது பெண்சாதியின் தம்பி.

"பழைய மண்டப வாசல்ல ஒரு அறிவித்தல் ஒட்டுவம்" என்றாள் ரதி.

"அண்ணர் பட்டு வேட்டியோட வந்து, பூட்டின கதவில ஒட்டினதை வாசிச்சிட்டு, பஸ் பிடிச்சு இஞ்சை வருவார் எண்டு நினைக்கிறியா?"

"இல்லை."

"அந்த வாசல்ல நிண்டாரெண்டால் அதோட முடிஞ்சுது. அவரும் நானும் இனி ஒருத்தற்ற செத்தவீட்டிலதான் சந்திப்பம்."

"எல்லாருக்கும் ஒரு மெசேஜ் போகுதப்பா. அதே மெசேஜ் பெரியப்பாவுக்கும் போகும்."

முத்துலிங்கத்தின் முகம் தெளிந்தது. "அது சரி. தனிய எடுத்தா தனிய ஏசுவார். எல்லாரோடயும் சேர்ந்து தெரிஞ்சா எல்லாரோடயும் சேர்ந்து வருவார்."

"போனில சொன்னதுக்குத்தானே அந்த மனுசன் இவ்வளவு காலமும் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தது?" என்றாள் அம்மா.

"இது போனில்லை. கொம்பியூட்டர்."

விருந்தினர் பட்டியல் அவரிடம் இருந்தது. அவர் நெடுங்காலம் ஒரு அச்சகத்தில் கலியாணக் கார்டுகளுக்குத் தமிழ் தட்டியவர். வெள்ளவத்தையில் பாதிப்பேரின் கல்யாணம் அவருடைய விரல்களுக்குள்ளால் போயிருக்கிறது. வேர்டில் அழகாக மூன்று அட்டவணைகள் போட்டு வைத்திருந்தார். தன் பக்கம், மனைவி பக்கம், மற்றவர்கள். ஒவ்வொன்றிலும் பெயர், ரெலிபோன், ஊர். எல்லாம் பாமினி எழுத்துருவில்.

ரதி அந்த அட்டவணைகளை வெறும் எழுத்துக் கோப்புகளாக மாற்றினாள். வேர்ட் கேட்டது, கட்டங்களை எதனால் பிரிப்பது என்று. கொமா என்றாள். மூன்று கோப்புகள் வந்தன. எழுத்துரு போனதும் பெயர்கள் எல்லாம் ஆங்கில எழுத்தும் குறியுமாகத் தெரிந்தன. அதை அவள் சின்ன வயதிலிருந்து பார்த்தவள். நம்பர்தான் வேண்டும், பெயர் எப்படித் தெரிந்தால் என்ன?

கட்டளை அடிக்கும் கறுப்பு ஜன்னலைத் திறந்தாள். இந்தக் கோப்பை எடு, இந்த அட்டவணையில் ஏற்று, கொமாவைக் கண்டால் அடுத்த கட்டத்துக்குப் போ. கோப்புக்கு ஒரு வரிக் கட்டளை. மூன்றையும் ஒன்றாக ஓடவிட்டாள். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்தது. எத்தனை பேர் பட்டியலில் இருந்தார்களோ அத்தனை வரிகளும் ஏறியிருந்தன.

பக்கத்தில் நின்ற முத்துலிங்கம் திரையைக் காட்டினார். "கீழ ஏதோ எச்சரிக்கை எண்டு கிடக்கு."

"அது எப்பவும் வாறது. நான் எந்தச் சீலை கட்டினாலும் மாமி ஏதாவது சொல்லுறா எல்லோ, அப்பிடி." மாமி முத்துலிங்கத்தின் தங்கச்சி.

ஒரே தடவையில் பலருக்குச் செய்தி அனுப்ப மொத்தக் கணக்கு ஒன்று தேவைப்பட்டது. ரதியோடு வேலை செய்கிற ரிஸ்லா கொடுத்தாள். அவளுடைய மச்சான் அப்ஹாம் புறக்கோட்டையில் துணிக்கடை வைத்திருக்கிறார். பெருநாள் விற்பனைக்கு எடுத்த கணக்கு. ரதி அட்டவணையிலிருந்த எல்லா நம்பர்களுக்கும் செய்தியை அனுப்பிவிட்டு ஜன்னலை மூடினாள். அரை மணித்தியாலம் ஆகவில்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ரிஸ்லா ஹெவ்லொக் டவுனிலிருந்து மருதாணிக் கோன்களோடு வந்தாள். கல்யாணங்களுக்கு மருதாணி போடுவது அவளுடைய சனிக்கிழமைத் தொழில். வலது கை முடிந்து காய்ந்துகொண்டிருந்தது. இடது கை ரிஸ்லாவின் மடியில் இருந்தது.

அம்மாவின் ரெலிபோன் ஓயவில்லை.

"ஓமோம், மண்டபம் மாறித்தான்... இல்லை, குழாய்... ஓம், வெள்ளவத்தை. கடற்கரைப் பக்கம்... என்ன? இல்லையப்பா, மாப்பிள்ளை துணிக்கடை இல்லை." அம்மா போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். "எல்லாருக்கும் அப்ஹாம் டெக்ஸ்டைல்ஸ் எண்டுதான் போயிருக்கு. சின்னக்கா கேக்கிறா, கலியாணத்தோட சேல் ஏதும் நடக்குதோ எண்டு."

"ஓம், சேல் ஈக்கிது எண்டு செல்லுங்க ஆன்டி" என்றாள் ரிஸ்லா. "எங்கட மச்சானுக்கு நல்லம்."

முத்துலிங்கத்தின் ரெலிபோன் மேசையில் கிடந்தது. அவர் அதை எடுத்துப் பார்த்தார். வைத்தார். மறுபடி எடுத்தார்.

"ரிஸ்லா பிள்ளை, எனக்கு ஒருக்கா அடிச்சுப் பார்."

ரிஸ்லா சின்ன விரலால் தன் போனைத் தட்டினாள். மேசையில் மணி அடித்தது.

"வேலை செய்யுது" என்றார் முத்துலிங்கம் சோர்வாக. "பிள்ளை, எங்கட ஆக்கள் ஒருத்தரும் எடுக்கேல்லை."

"சந்தோசமா வாசிச்சிட்டு இருப்பினம்" என்றாள் ரதி.

"எங்கட ஆக்கள் சந்தோசமா இருந்தாலும் எடுத்து ஏசுவினம்."

அது உண்மை. ரதி நிமிர்ந்து பார்த்தாள்.

"அசையாதடி" என்றாள் ரிஸ்லா.

"மாமியை எடுத்துக் கேளுங்கோவன், மெசேஜ் வந்ததோ எண்டு."

"வரேல்லை எண்டால்? அவ அடுத்த நிமிசம் அண்ணருக்கு அடிப்பா. தம்பி மண்டபத்தை மாத்திப்போட்டான், உனக்குத் தெரியுமோ எண்டு. நீ திரும்ப ஒருக்கா ஏத்து. நான் பாக்க வேணும்."

"எப்பிடி ஏத்த?" ரதி கையைக் காட்டினாள். ஐந்து விரலிலும் ஈர மருதாணி. "ரிஸ்லா, ஒருக்கா..."

"இப்ப நிப்பாட்ட ஏலா. கோடு உடைஞ்சிடும். புறகு கைல அரைவாசி மயிலோடதான் மணவறைல குந்தணும்."

"அப்ப நீங்கள் அடியுங்கோ அப்பா. நான் சொல்லுறன்."

முத்துலிங்கம் லப்டொப்பின் முன் உட்கார்ந்தார். முதுகை நிமிர்த்தினார். அச்சகத்தில் அவர் விசைகளைக் குனிந்து பார்த்ததை யாரும் கண்டதில்லை.

"எல், ஓ, ஏ, டி" என்றாள் ரதி.

"ட, ழ, ய, ன" என்று முணுமுணுத்தபடி அடித்தார். திரையில் சரியாக வந்தது.

"என்னப்பா சொன்னீங்கள்?"

"எனக்கு விசையெல்லாம் பாமினியிலதான் ஞாபகம். எல் எண்டால் ட. ஓ எண்டால் ழ. நீ சொல்லு."

ரிஸ்லா சிரித்ததில் கோன் ஆடியது. ரதி சொல்லச் சொல்ல அவர் அடித்தார். கோப்பின் பெயர் வந்தது. அட்டவணையின் பெயர் வந்தது. அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுப் பின்னால் நின்று பார்த்தாள். இந்த மனிதர் இங்கிலிஸில் இவ்வளவு நீளமாக எழுதி அவள் பார்த்ததில்லை.

"இனிப் பிரிக்கிற அடையாளம். கொமா."

அவர் அடித்தார். திரையில் வாய் திறந்த அம்புக்குறி ஒன்று வந்தது.

"அது கொமா இல்லையப்பா."

"இதுதான் கொமா. இத்தனை வருசமா இதைத்தான் அடிக்கிறன்."

"அது பாமினியில. இஞ்சை வேற. எம் இருக்கெல்லோ? அதுக்கு வலப்பக்கத்து விசை."

முத்துலிங்கம் முதன்முறையாகக் குனிந்து விசைப்பலகையைப் பார்த்தார். "அது இ எல்லோ."

"எது?"

"எம்முக்குப் பக்கத்து விசை. இ. இலங்கைக்கு இ. இளையதம்பிக்கு இ."

ரதி அசையவில்லை.

"அசையாத எண்டா ஆடுற" என்றாள் ரிஸ்லா. "இப்ப என்ன செல போல?"

"அப்பா" என்றாள் ரதி மெதுவாக. "பெரியப்பாவை நீங்கள் எப்பிடி எழுதியிருக்கிறீங்கள்?"

"இ. இராசநாயகம்."

"மாமியை?"

"அவவுக்குத் தகப்பன்ர இ. எங்கள் எல்லாருக்கும் அப்பான்ர இ தானே. இளையதம்பி."

பாமினியில் தமிழ் கண்ணுக்குத்தான். உள்ளே கிடப்பது அடித்த விசையின் ஆங்கிலக் குறி. இ என்று தெரியும் இடத்திலெல்லாம் கோப்புக்குள் ஒரு கொமா இருக்கிறது. கொமாவைக் கண்டால் அடுத்த கட்டத்துக்குப் போ என்று ரதி சொல்லியிருந்தாள். அது போயிருந்தது. இ. இராசநாயகம் என்ற பெயரில் முதல் கொமாவிலேயே பெயர்க் கட்டம் முடிந்துவிட்டது, வெறுமையாக. அடுத்த கொமாவில் நம்பர்க் கட்டம் முடிந்துவிட்டது. அந்த இரண்டுக்கும் நடுவில் இருந்தது ஒரு புள்ளி.

"பெரியப்பான்ர நம்பருக்குப் பதிலா ஒரு புள்ளி ஏறியிருக்கு" என்றாள் ரதி. "நாங்கள் புள்ளிக்கு மெசேஜ் அனுப்பியிருக்கிறம்."

"அண்ணருக்கு மட்டுமோ?"

"இளையதம்பியின்ர பிள்ளையள் எல்லாருக்கும்." அவள் தாயிடம் திரும்பினாள். "அம்மா, உங்கட பக்கத்தில இ-யில தொடங்கிற பேர் இருக்கா?"

"இந்திராணி மட்டும்தான்."

"அவ எடுத்தவவா?"

அம்மா யோசித்தாள். "இல்லை. அவதானே எல்லாத்துக்கும் முதல் எடுக்கிறவ."

"உன்ர அம்மான்ர இணுவில் ஆக்கள்?" என்றார் முத்துலிங்கம் பதற்றத்தோடு. "இணுவிலுக்கும் இ."

"அவைக்குப் போயிருக்கும். ஊர் நம்பருக்குப் பிறகுதானே வருது."

அம்மாவின் போன் அடித்தது. அவள் எடுக்கவில்லை.

"உன்ர அம்மான்ர பக்கத்தில ஆடு மேய்க்கிறவன் வரைக்கும் போயிருக்கு" என்றார் முத்துலிங்கம். "என்ர பக்கத்தில கூடப்பிறந்த ஒருத்தருக்கும் போகேல்லை."

"எங்கட பக்கத்தில ஆடு மேய்க்கிறவன் ஆர்?" என்றாள் அம்மா.

"ஒரு கதைக்குச் சொன்னன்."

"கதைக்கும் சொல்லாதேங்கோ."

"கொம்பியூட்டர் என்ர அப்பான்ர பேரைத் தூக்கி எறிஞ்சு போட்டுது."

"அது எறியேல்லையப்பா. நான் சொன்னதைச் செய்தது. பிழை என்னில. எச்சரிக்கை வந்ததை நீங்கள் காட்டினனீங்கள். நான் பாக்கேல்லை." அவள் மருதாணிக் கையை மார்போடு தூக்கி வைத்திருந்தாள். சத்தியம் செய்கிறவளைப் போல இருந்தது. "இப்ப வேர்டைத் திறவுங்கோ. கொமா வேண்டாம். டெப் விசையால பிரியுங்கோ."

"டெப் பாமினியில ஒண்டுமில்லை. வெறும் இடைவெளி."

"அதுக்காகத்தான்."

வேர்டில் அவர் வேகமானவர். மூன்று கோப்புகளையும் மாற்றினார். அட்டவணையைக் காலி செய்தார்கள். மறுபடி ஏற்றினார்கள். இந்த முறை ரதி கடைசி வரியைத்தான் முதலில் பார்த்தாள். எச்சரிக்கை ஒன்றுமில்லை. விடுபட்டவர்களை மட்டும் பிரித்தெடுத்தார்கள். எல்லோருக்கும் இப்போது நம்பர் இருந்தது. செய்தியை அனுப்பும் கட்டளையையும் அவர் அடித்து முடித்தார். என்டர் மட்டும் பாக்கி.

"தட்டுங்கோ அப்பா."

அவர் விரலை எடுத்துவிட்டார். "பொறு."

"நேரம் போகுது."

"காலமை இது போயிருந்தால் என்ன நடந்திருக்கும்? அண்ணர் போனைப் பாத்திருப்பார். துணிக்கடை ஒண்டு சொல்லுது, உன்ர தம்பி மண்டபத்தை மாத்திப்போட்டான் எண்டு." அவர் எழும்பினார். "எங்கட ஆக்கள் ஒருத்தருக்கும் இன்னும் தெரியாது. அப்ப அண்ணருக்கு முதல் சொல்ல இன்னும் ஏலும். நான் போய்ச் சொன்ன பிறகு நீ மற்ற ஆக்களுக்கு அனுப்பு."

"நேரிலயா? இப்பவா?"

"போட்டுக்கொண்டு போக ஒரு சேட்டை எடு" என்றார் மனைவியிடம்.

அம்மா சேட்டை எடுத்துக்கொண்டு வந்தபோது அவளும் சீலை மாற்றியிருந்தாள். கையில் வெற்றிலைத் தட்டம். "தனிய ஒருத்தர் போய்ச் சொன்னால் சொன்னதாகாது" என்றாள். "ரிஸ்லா, என்ர போனைப் பார் பிள்ளை."

காலி வீதியில் த்ரீவீல் பிடித்துப் போனார்கள். தட்டத்தை அம்மா மடியில் வைத்துக் கையால் மூடியிருந்ததை ரதி மாடியிலிருந்து பார்த்தாள்.

அதன் பிறகு ஒன்றும் செய்வதற்கில்லை. லப்டொப் திறந்தபடி இருந்தது. கட்டளையின் முடிவில் ஒரு சின்னக் கோடு மின்னியது. ரதி காய்ந்த கையையும் காயாத கையையும் நீட்டிக்கொண்டு அதன் முன் இருந்தாள். ரிஸ்லா அம்மாவின் போனுக்குப் பதில் சொன்னாள்.

"ஆன்டி வெளிய போயிட்டா. ஓம், மண்டபம் மாறித்தான். ஓம், வெள்ளவத்தை. நான் மருதாணி போட வந்த... ஓம், துணிக்கடைதான். எங்கடதான். வாங்க, கொறச்சுத் தாறம்."

"ரிஸ்லா!"

"ஏதாச்சும் செல்லணுமே."

வெயில் எதிர் மாடிக்குப் போனது. கடைசியில் ரிஸ்லாவின் போனில் முத்துலிங்கம் வந்தார். ரிஸ்லா அதை ரதியின் காதில் வைத்தாள்.

"அனுப்பிப்போட்டியா?"

"இல்லையப்பா."

"அனுப்பாத. நாங்கள் வாறம்."

"நாங்கள் எண்டால் ஆர்?"

அவர் வைத்துவிட்டார்.

இராசநாயகம் குடையை வாசலில் சாய்த்து வைத்துவிட்டு உள்ளே வந்தார். இந்த வீட்டுக்குள் ரதி அவரைப் பார்த்ததாக அவளுக்கு ஞாபகமில்லை. மெலிந்திருந்தார். அவர் பின்னால் முத்துலிங்கம் பள்ளிக்கூடத்துக்குப் பிந்தி வந்த பிள்ளையைப் போல வந்தார். அம்மா நேரே குசினிக்குள் போனாள். ரதியும் பின்னால் போனாள்.

"என்ன நடந்தது?"

"அப்பா எல்லாத்தையும் சொல்லிப்போட்டார்" என்றாள் அம்மா கிசுகிசுப்பாக. "குழாயை, மண்டபத்தை, உன்ர பெரியப்பாவுக்குத்தான் முதல் சொல்லுறம் எண்டதை. எங்கட பக்கத்துக்குக் காலமையே போனதையும் சொன்னார். நான் கையைக் கிள்ளினன். நிப்பாட்டேல்லை."

"பெரியப்பா?"

"கொமா அப்பான்ர பேரை விழுங்கிச்சுது எண்டதை நம்பேல்லை. இப்பிடி ஒரு பொய்யைத் தான் துறைமுகத்திலயே கேட்டதில்லையாம். கண்ணால பாத்தால்தான் நாளைக்கு வருவாராம். இல்லாட்டி இப்பவே திரும்பிப் போறாராம்."

முன்னறையில் இராசநாயகம் லப்டொப்பின் முன் உட்கார்ந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டிருந்தார்.

"எங்க? காட்டு."

"வாங்கோ பெரியப்பா" என்றாள் ரதி.

"வந்திட்டன். காட்டு."

காலையில் ரதி செய்த பழைய கோப்பை ரிஸ்லா திறந்தாள். திரை முழுக்க ஆங்கில எழுத்தும் குறியும்.

"இதில நான் எங்க?"

முத்துலிங்கம் முன்னால் வந்து விரலால் தொட்டார். ,.,uhrehafk; என்று அங்கே இருந்தது. அவர் அதைக் கார்டு வாசிப்பதுபோல வாசித்தார். "இ. இராசநாயகம்."

"இந்த நுளம்புக் குஞ்சு மாதிரிக் கிடக்கிறதோ அப்பா?"

"அதுதான் அண்ணை."

"இது?"

"தங்கச்சி."

"இது?"

"சின்னத்தம்பி."

இராசநாயகம் ஒவ்வொரு வரியாகக் கீழே போனார். தனித்தனி வரி. எல்லாம் ஒரே குறியில் தொடங்கின. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார்.

"நீ எங்க?" என்று தம்பியைக் கேட்டார்.

"நான் இதில இல்லை. கலியாண வீட்டுக்காரன் தனக்குத் தானே சொல்லுறதில்லையே."

"உன்ர பேரைப் போடு."

"ஏன் அண்ணை?"

"போடு. போட்டு, காலமை செய்த மாதிரியே ஏத்து. நீயும் விழுறியோ எண்டு பாப்பம்."

முத்துலிங்கம் பக்கத்தில் உட்கார்ந்து தன் பெயரையும் நம்பரையும் பட்டியலின் அடியில் அடித்தார். இ. முத்துலிங்கம். ரதி ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கொமாவால் பிரி என்ற கட்டளையை இப்போது அவரே அடித்தார், வலது கையின் நடுவிரலால், குனிந்து பாராமல். கோப்பு ஏறியது. எச்சரிக்கைகள் வந்தன.

ரதி ரிஸ்லாவிடம் சொல்லி அந்த வரியைத் திரைக்குக் கொண்டுவந்தாள். பெயர்க் கட்டம் வெறுமையாக இருந்தது. நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் புள்ளியும் பெயரும் கிடந்தன.

"இவற்ற நம்பர் எங்க?" என்றார் இராசநாயகம்.

"ஊர்க் கட்டத்துக்குப் போட்டுது பெரியப்பா. மெசேஜ் போகாது."

"சொந்த மகளின்ர கலியாணம். இவனுக்கே போகாது?"

"போகாது."

இராசநாயகம் பின்னால் சாய்ந்தார். அவருடைய தோள் குலுங்கியது. முத்துலிங்கம் பயந்துபோய்ப் பார்த்தார். பிறகுதான் அது சிரிப்பு என்று தெரிந்தது. சத்தமில்லாத, மூக்கால் வருகிற சிரிப்பு.

"நீயும் விழுந்தாய்" என்றார். "அப்பான்ர பிள்ளை எண்டு கொம்பியூட்டருக்காவது தெரிஞ்சிருக்கு."

"எனக்கும் தெரியும் அண்ணை."

"சரி, சரி. அழாத. நாளைக்கு அழ வேண்டிக் கிடக்கு." அவர் ரதியின் பக்கம் திரும்பினார். "அந்தப் புது மண்டபத்தை வாற வழியில பாத்தனான். காத்து நல்லா வருது. ஒருத்தருக்கும் சொல்லாத, கொட்டாஞ்சேனையில அவ்வளவு காத்து இல்லை. இப்ப இதை ஒழுங்கா ஏத்து."

பட்டியலை டெப்பால் பிரித்து மறுபடி ஏற்றினார்கள். இந்த முறை முத்துலிங்கத்தையும் சேர்த்து. விடுபட்டவர்களுக்கு அனுப்பும் கட்டளை அடிக்கப்பட்டது. எல்லோரும் ரதியைப் பார்த்தார்கள். அவள் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள்.

"எது தட்டுறது?" என்றார் இராசநாயகம்.

ரிஸ்லா என்டரைக் காட்டினாள். அவர் ஆட்காட்டி விரலால் அழுத்தினார். அழுத்திய விரலை எடுக்காமல் வைத்திருந்தார்.

"எடுக்கலாம் பெரியப்பா."

எடுத்தார்.

முதலில் முத்துலிங்கத்தின் சேட்டுப் பையில் சத்தம் கேட்டது. அடுத்ததாக இராசநாயகத்தின் பையில். இரண்டு பேரும் போனை எடுத்துக் கை நீட்டத் தூரப் பிடித்து வாசித்தார்கள். ஒரே மாதிரிக் கண்ணைச் சுருக்கினார்கள்.

"இது ஆர் அப்ஹாம் டெக்ஸ்டைல்ஸ்?"

"எங்கட மச்சான்" என்றாள் ரிஸ்லா.

இராசநாயகம் செய்தியைக் கடைசி வரை வாசித்தார். இடம் மாறியதற்கு வருந்துகிறோம், கட்டாயம் வரவும் என்று முடிந்தது.

"போனில சொன்னால் நான் வாறதில்லை எண்டு உனக்குத் தெரியும்தானே?" என்றார் தம்பியிடம்.

முத்துலிங்கத்தின் முகம் மாறியது. "அண்ணை..."

"துணிக்கடைக்காரர் சொன்னால் வருவன்." போனைப் பைக்குள் வைத்தார். "தேத்தண்ணி இருக்கோ இந்த வீட்டில?"

அம்மா குசினியிலிருந்து ஓம் என்றாள். முத்துலிங்கத்தின் ரெலிபோன் அடிக்கத் தொடங்கியது. அவர் எடுத்தார். மறுமுனையில் தங்கச்சி ஏசுவது அறை முழுக்கக் கேட்டது. அவர் போனைக் காதிலிருந்து சற்றே விலக்கிப் பிடித்துக்கொண்டு, சிரித்தபடி, ஓம் ஓம் என்றார்.